கட்சிப் பொறுப்பாளருக்கும் ஒரு நடத்தை விதி எழுதுங்கள்: ஆளுங்கட்சித் தலைமைக்கு மதுரையிலிருந்து ஒரு மடல்

ஆளுங்கட்சித் தலைமைக்கும், மதுரை மாவட்டத்தின் ஒன்றிய, நகர, பகுதி, வட்டச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளருக்கு 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன. இடம் வாங்கினால் சொல்ல வேண்டும், வேலை ஆகவேண்டியவர்களிடம் பரிசு வாங்கக் கூடாது. மீறிக் கை நீட்டினால், ரசாயனம் தடவிய நோட்டு வழியாக லஞ்ச ஒழிப்புத் துறை வந்து நிற்கும். சரி. அந்த உதவியாளரின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய மனு மேலே போகவேண்டும் என்று சொல்கிற ஒன்றியச் செயலாளருக்கு எந்த விதி? அப்படி ஒன்றை நீங்கள் எழுதி, ஊருக்குக் காட்டி நாங்கள் பார்த்ததில்லை.

இது இன்றைக்கு ஆள்கிறவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. ஆட்சி மாறினால் வேட்டியின் கரை மாறுகிறது, நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் விதி எழுதும் அதிகாரம் ஆள்கிறவர்களிடம் இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் பெரியாறு வைகைப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள் நேரடி கொள்முதல் நிலையத்தை நம்பித்தான் அறுக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுக்கவேண்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். காகிதத்தில் இடையில் யாருக்கும் வேலையே கிடையாது. என் சித்தப்பா அப்படி ஒரு நிலையத்தின் களத்தில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரியும் அங்கேயே படுத்துக் கிடந்தார். ஈரப்பதம் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருந்தது. ஆனால் எடை போடவில்லை. பின்னால் வந்த டிராக்டர் நெல்லெல்லாம் முன்னால் தராசுக்குப் போனது. கேட்டதற்கு, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். அண்ணன் என்றது அப்போது ஆண்ட கட்சியின் கிளைப் பொறுப்பாளரை. வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றவர், மூட்டைக்கு இவ்வளவு என்று கறாராகச் சொன்னார். மேற்கே மேகம் கருத்துக் கட்டி நின்றது. சித்தப்பா ஒவ்வொரு நாற்பது கிலோ மூட்டைக்கும் எண்ணிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே எடை முடிந்தது. கையில் கிடைத்த ரசீதில் அந்தப் பணம் எங்கும் இல்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் வந்த 7ஏ பிரிவின்படி, அரசு ஊழியரைச் செல்வாக்கால் வளைத்துக் காரியம் முடித்துத் தருகிறேன் என்று பணம் வாங்குகிற வெளியாளுக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அதே திருத்தத்தால் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தேன் என்று ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் அவர் தப்ப முடியும். அடுத்த போகத்துக்கும் அதே களத்துக்குத்தான் நெல்லைக் கொண்டுவரவேண்டும் என்கிறபோது, எந்த விவசாயி ஸ்டேஷன் படி ஏறுவார்? அதனால்தான் கட்சியே முந்திக்கொண்டு கேட்கவேண்டும் என்கிறோம்.

உங்களால் முடியாததும் இல்லை. தலைமையை எதிர்த்து ஒருவர் பேட்டி கொடுத்தால், உள்ளாட்சித் தேர்தலில் போட்டி வேட்பாளராக நின்றால், மறுநாள் காலைப் பேப்பரில் வந்துவிடுகிறது: "கட்சியின் கட்டுப்பாட்டை மீறி, களங்கம் ஏற்படும் வகையில் செயல்பட்டதால், அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கி வைக்கப்படுகிறார்." இந்த வாசகம் எங்களுக்கு மனப்பாடம். நெல் மூட்டைக்குக் கமிஷன் வாங்கியதால் நீக்கப்படுகிறார் என்று அதில் ஒரு வரி வந்து நான் படித்ததில்லை.

சில கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாக மதுரை மாநகராட்சியில் சொத்து வரி முறைகேடு விவகாரம் வெடித்த 2025ல், ஜூலையில் மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதம் மேயரின் கணவர் கைதானார். அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. ஒரு நகரத்தின் மேல்மட்டமே காலியான பிறகும், அப்போது ஆண்ட கட்சிக்குள் என்ன விசாரித்தார்கள், இனி என்ன செய்யக் கூடாது என்று எங்களுக்கு யாரும் எழுத்தில் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

விதியில் முதலில் வரவேண்டியது குடும்பம். மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருக்கும் கவுன்சிலருக்குச் சட்டப்படி பதவி போய்விடும். அதனால்தான் டெண்டர் மச்சான் பெயரில் வருகிறது. பொறுப்பில் இருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், மச்சான், மருமகன் யாரும் அந்த ஒன்றியத்திலோ மாநகராட்சியிலோ ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. எடுத்தால் பொறுப்பு போகும் என்று எழுதுங்கள். கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் அவருக்குப் பதில் கணவர் ஆய்வுக்குப் போவதும் இதில் சேரட்டும். பொறுப்பேற்கும்போதும் இறங்கும்போதும் சொத்துப் பட்டியல் கொடுக்கச் சொல்லுங்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் 2003லிருந்து பிரமாணப் பத்திரத்தில் கொடுக்கிறார்கள், வட்டச் செயலாளரால் முடியாதா? அப்புறம், கொள்முதல் நிலையம், பத்திரப்பதிவு அலுவலகம், வீட்டு வசதித் திட்டத்துக்கு அளவெடுக்கும் இடம், இங்கெல்லாம் கட்சிக்காரர் நிற்கவே கூடாது. மக்களுக்கு உதவப் போனேன் என்றால், கேட்டதை மனுவாக எழுதிக் கொடுக்கட்டும், அதில் கையெழுத்தும் போடட்டும்.

மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பத்தாண்டு அமைச்சராக இருந்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் சாதாரண வார்டில் படுத்திருந்தார். எல்லாக் கட்சி மேடையிலும் அவர் பெயரைச் சொல்கிறீர்கள். உங்கள் கிளைச் செயலாளர் ஒவ்வொருவரும் கக்கனாக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. சாதாரண மனுஷன், வீட்டில் கல்யாணச் செலவும் கடனும் உள்ளவன், அவனும் தாண்ட பயப்படுகிற மாதிரி ஒரு கோடு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். புகாரை வாங்குகிறவர் அதே மாவட்டத்துக் கட்சிக்காரராக இருக்கக் கூடாது, வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போடுங்கள். விதியையும் அவருடைய முகவரியையும் அச்சடித்து ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். முதல்போக அறுப்பு தொடங்குவதற்குள் ஒட்டினால் எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
சோழவந்தான் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தவன் ஒருவன்,
மதுரை.