குளக்கட்டில் நாயை அவிழ்த்து விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் மட்டக்களப்புப் பக்கம் நடந்து பார்க்கக்கூடிய இடங்கள் என்று குடும்பிமலை, உன்னிச்சைக்குளம், பாலமீன்மடு வெளிச்சவீடு ஆகியவற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இப்போது நாயையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நானும் அப்படிப் போகிறவன்தான். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சங்கிலியைக் கழற்றாதீர்கள்.

போன வருடம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு குளக்கட்டு. பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லையே, கொஞ்சம் ஓடட்டும் என்று எங்கள் நாயை அவிழ்த்துவிட்டேன். பற்றைக்குள் போனவன் குரைக்கத் தொடங்கினான். உடும்பைக் கண்டிருப்பான் என்று நினைத்தேன். அப்புறம் குரைப்பு மாறியது. வாலை ஒடுக்கிக்கொண்டு அவன் என்னிடம் ஓடிவர, பின்னால் ஒரு தனியன் யானை. பயந்த நாய் வேறு எங்கே ஓடும்? வளர்த்தவனிடம்தான் ஓடிவரும், துரத்துகிற யானையையும் கூட்டிக்கொண்டு. பக்கத்து வயலில் காவலுக்கு இருந்தவர்கள் யானை வெடி கொளுத்திப் போட்டதால் நாங்கள் இருவரும் உயிரோடு வீடு திரும்பினோம். நாய் போய்க் குரைக்கும்வரை யானை தன் பாட்டில் மேய்ந்துகொண்டுதான் நின்றிருக்கும். பிழை முழுக்க என்னுடையது.

வாவிக்கரையில் முதலை இருக்கிறது, அதனால் நாயைத் தண்ணீர் குடிக்க விளிம்புக்கு விடக்கூடாது. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டையை நாயின் மூக்கு ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். பொத்துவிலுக்குத் தெற்கே கடற்கரையில் ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டைகளுக்கும் இதே கதிதான்.

குமண, லகுகல, கல்லோயா மூன்றும் தேசிய பூங்காக்கள். உள்ளே நாய்க்கு அனுமதி இல்லை. கதிர்காமப் பாத யாத்திரைக்கு உகந்தையிலிருந்து குமண வழியாகக் காட்டுப்பாதை திறக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, மற்ற நாட்களிலும் நடக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது யாத்திரிகர்களுக்காகத் திறப்பது. மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து, பூங்கா வாசலில் மறித்ததும் நாயை வானுக்குள் பூட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வெயிலில் மூடிய வாகனத்துக்குள் நாய் செத்துவிடும்.

நோயையும் சொல்ல வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசியையும் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள். டிஸ்டெம்பர் நாய்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய்; நாயிடமிருந்து அது நரிக்கும் சிறுத்தைக்கும் தொற்றக்கூடியது. 1994 இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் அந்த நோயில் செத்தன. ஊர் நாய்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றுதான் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

அப்படியானால் எங்கேதான் போவது? கல்லடிக் கடற்கரைக்கு விடியற்காலையில், மணல் சுடுவதற்கு முன், போகலாம். நாங்கள் இப்போது அங்கேதான் நடக்கிறோம். தோணிகள் கரைக்கு வரும் நேரம் அது. மீன் கூடைகளைக் கண்டதும் நம்முடையவன் சங்கிலியை இழுக்கிற இழுவையில் எனக்கும் நல்ல தேகப்பயிற்சி.

நம் பிரதேச சபைகளிடம் ஒரு வேண்டுகோள். குளக்கட்டுகளிலும் வாவிக்கரை நடைபாதைகளிலும் ஒரு பலகை வையுங்கள். நாயைக் கொண்டுவரலாமா, யானை நடமாட்டம் எந்த நேரம், முதலை எந்தத் துறையில் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தால் போதும். அன்று அந்தக் கட்டில் அப்படி ஒரு பலகை இருந்திருந்தால் நான் சங்கிலியைக் கழற்றியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு