தடை வாங்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சந்தையை இடித்துவிட்டுக் கட்டப்போகிற வணிக வளாகத்தைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் போட்ட செய்தியின் கடைசி வரி: "சிலர் நீதிமன்றம் சென்று தடை வாங்கியதால் வணிக வளாகப் பணி முடங்கிக் கிடக்கிறது." அந்தச் 'சிலரில்' நானும் ஒருவன். 28 வருடமாக அங்கே தேங்காய்க் கடை வைத்திருக்கிறேன். உடைத்த மூடியை உங்கள் பத்திரிகையில்தான் மடித்துத் தருகிறேன்.

தடை எங்கே ஐயா இருக்கிறது? ரிட் மனு போட்டோம், நோட்டீஸ் போனது, அவ்வளவுதான். கடையைச் சாத்திவிட்டுப் பாரிமுனை ஹைகோர்ட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை எங்கள் எண் வந்தபோது மணி நாலு. "கவுன்ட்டர் போட அவகாசம் வேண்டும்" என்றார் மாநகராட்சி வக்கீல். கவுன்ட்டர் என்றால் பதில் மனு. நான்கு வாரம் கொடுத்தார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டாயிற்று. டெண்டருக்கு ஆள் வராமல் இரண்டு முறை தள்ளிப்போனதை உங்கள் நிருபர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். என் கடை வாசலில் நின்றுதானே டீ குடித்தார்.

வளாகமே வேண்டாம் என்று நாங்கள் போகவில்லை. தம்புச்செட்டித் தெருவில் எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்: "திட்டம் நல்லதா கெட்டதா என்று கோர்ட் பார்க்காது. முடிவெடுத்த விதம் சட்டப்படியா என்றுதான் பார்க்கும்." சரி, அதையே கேட்டோம். மன்றத் தீர்மானம் எங்கே? பழைய கடைக்காரர்களுக்கு இடம் உண்டா, இல்லை ஏலம்தானா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். 30 நாளில் பதில் தர வேண்டும். 30-வது நாள் டாண் என்று வந்தது: "கோப்பு பரிசீலனையில் உள்ளது." அதற்குள் எங்கள் ஷட்டர்களில் சிவப்புப் பெயின்டில் நம்பர் எழுதிவிட்டார்கள். என்னுடையது 17. எதற்குத் தம்பி என்று பெயின்ட் டப்பாவோடு நின்ற பையனைக் கேட்டேன். "இடிக்கிறதுக்கு" என்றான். இத்தனை நாளில் நேராகப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

மதில் ஓரம் பூவும் கீரையும் விற்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 3-வது பிரிவு. அதே சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? கீரைக்காரம்மாவிடம் சொன்னேன். "என்னை யார் சார் கணக்கெடுத்தா?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

இந்த வளாகத்தின் வரைபடமே தனி அலுவலர் காலத்தில் போட்டது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நமக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. அப்போது 'முடங்கியது' என்ற வார்த்தையை உங்கள் பத்திரிகையில் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சந்தைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பற்றி எழுதினேன். அந்தக் கடிதம் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. போக வேண்டியதுதான், அந்தச் சந்துகளில் லாரி திரும்பாது. ஆனால் அங்கே இடம் கொடுத்த பட்டியலில் கடைக்காரர்கள் பெயர் இருந்தது, மூட்டை தூக்கியவர் பெயர் இல்லை. அதற்கப்புறம்தான் இந்தத் தேங்காய்க் கடை. அப்பா கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. அதற்காக அவரை வளர்ச்சிக்கு ஒத்துழைத்த பெரியவர் என்று யாரும் எழுதிவிடவும் இல்லை.

தடை எதுவும் இல்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று ரெண்டு வரி திருத்தம் போடுங்கள். செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள், வரி விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம். அப்புறம், சந்தைக் கழிப்பறையில் எட்டு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. அதையும் சேர்த்துப் போட்டால் பெண்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
17-ஆம் நம்பர் கடைக்காரர்,
சென்னை