எத்தனை பேர் என்று எழுது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. மாடிக்கு ஏறுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டாள்.

அயோவாவில் பேக்போன் பார்க்கில் கேபின் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 7 வெள்ளி முதல் 14 வரை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின். ஒன்றில் நாங்களும் அக்கா குடும்பமும் நெருக்கியடித்துக்கொள்வோம். இன்னொன்று உங்களுக்கு. எத்தனை பேர் என்று மட்டும் எழுது. மூன்று பேர் என்றாலும் சரி, நீயும் பாப்பாவும் என்றாலும் சரி, நீ மட்டும் என்றாலும் சரி. விரிப்பு, தலையணை, துண்டு எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் எண்ணிக்கை கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை அக்கா கொடுத்த விலாசத்துக்கு அனுப்புகிறேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் கேட்டு வாங்கினேன். மே மாதம் அம்மா அனுப்பிய நாரத்தங்காய் வந்ததா என்று கேட்டதற்கு, "வந்ததுப்பா, நல்லா இருந்தது" என்றாய். அந்தப் பார்சல் போன வாரம் திரும்பி நம் வாசலுக்கே வந்துவிட்டது. வீட்டு எண்ணை நான்தான் தப்பாக எழுதியிருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

மறுபடியும் அயோவாவா என்று நினைப்பாய். அக்கா பையன்கள் விஸ்கான்சின் டெல்ஸ் போகலாம் என்று குதித்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அரோராவிலிருந்து எங்களுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், மினியாபொலிஸிலிருந்து உனக்கும் அவ்வளவுதான். நாங்கள் 20-ஆம் நம்பர் சாலையில் கலீனா வழியாக வந்து டுபியூக்கில் மிசிசிப்பியைத் தாண்டுவோம். நீ 52-ஐப் பிடித்து ராச்செஸ்டர், டெக்கோரா என்று இறங்கி வா. ஸ்ட்ராபெரி பாயின்ட் ஊருக்குள் அந்தப் பெரிய ஸ்ட்ராபெரி சிலை இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். பாப்பா வந்தால் அதன் கீழே நிற்கவைத்து ஒரு போட்டோ எடு. உன்னையும் அக்காவையும் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது.

வரும்போது விறகு கொண்டு வராதே. அந்த வீட்டுக் கொல்லையில் வெட்டி அடுக்கி வைத்திருந்தாயே ஆஷ் மரம், அது இன்னும் உன் வசம் இருந்தாலும் வேண்டாம். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்த, ஆஷ் மரத்தைத் துளைக்கிற அந்தப் பச்சை வண்டு ஊர் ஊராகப் பரவியதற்கு ஜனங்கள் வண்டியில் ஏற்றிப்போன விறகும் ஒரு காரணம். பார்க் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். முதல் நாளைக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் அம்மா கட்டிக்கொண்டு வருவாள். அப்புறம் சோளம் இருக்கவே இருக்கிறது. ஆகஸ்ட்டில் அங்கே ரோட்டோரத்தில் வண்டி போட்டு விற்பார்கள், காலையில் பறித்ததாக இருக்கும். கரியில் சுட்டு எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் தேய்த்தால் நீ ஆறு தின்பாய்.

ரேடியோ ஒன்று வாங்கு. வானிலை ரேடியோ, கைப்பிடியைச் சுற்றினாலும் ஓடுகிற மாதிரி. போனில் வருமே என்று சொல்வாய். அந்தப் பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்ப முடியாது. வாட்ச் என்று சொன்னால் புயல் வர வாய்ப்பு இருக்கிறது, கவனமாக இரு என்று அர்த்தம். வார்னிங் என்றால் அந்த நிமிடமே ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போய்விட வேண்டும். கேபினுக்குக் கீழே பேஸ்மென்ட் கிடையாது, அதனால் பாத்ரூம்தான். 2020-இல் அயோவாவில் டெரேச்சோ என்கிற பெரும் புயல்காற்று அடித்ததும் இதே வாரம்தான், ஆகஸ்ட் 10. சீடர் ராப்பிட்ஸ் பக்கம் காற்று மணிக்கு 140 மைல் வரை போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஊர் முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து பார்க் ரொம்ப தூரமில்லை. ரேடியோவுக்கு பேட்டரியும் கூடுதலாக வாங்கி வை.

பார்க்கைப் பற்றி, சின்ன வயதில் கூட்டிப்போனபோது உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. அயோவாவின் முதல் ஸ்டேட் பார்க் அதுதான், 1920-இல் திறந்தார்கள். அந்த ஏரி, கல் கட்டடங்கள், படகுத்துறை எல்லாம் 1930-களில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சி.சி.சி. என்ற அரசு வேலைத் திட்டத்தில் எடுத்த பையன்கள் கட்டியது. வேலையில்லாத வீட்டுப் பிள்ளைகள். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். இதைப் படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தையல் மெஷின், எனக்கு இந்த நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவ்வளவு செய்த பிள்ளை இப்போது ஞாயிற்றுக்கிழமை கூட ரெண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறாய். அம்மா அதற்கப்புறம் வெகுநேரம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

12-ஆம் தேதி ஆடி அமாவாசை. தாத்தாவுக்கு மக்கோக்கெட்டா ஆற்றிலேயே எள்ளும் தண்ணீரும் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அன்று ராத்திரிதான் பெர்சியிட் எரிகற்களும் அதிகமாக விழும். நிலா இல்லாததால் நன்றாகத் தெரியும். பாப்பாவைத் தூங்கவிடாமல் வைத்திரு. பாப்பா வந்தால் என்றுதான் சொல்கிறேன். நீ ஒருநாள் மட்டும்தான் வர முடியும் என்றால் அந்த ஒருநாளாவது வா. தர்ப்பணம் செய்யும்போது என் பக்கத்தில் நில், போதும்.

மறுபடியும் ரேடியோவைச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. வெறும் காற்றுக்குப் பயந்து சொல்லவில்லை.

உனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து பேஜர் வந்தது என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரே வண்டியையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். அன்று ராத்திரி புயல். கரண்டு போய்விட்டது. நீ அம்மாவையும் அக்காவையும் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய், கட்டில் மெத்தையை இழுத்து வந்து தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாய். பத்து வயதில்! இந்தக் கதையை நான் கோயிலில் சொல்லியிருக்கிறேன், தமிழ்ச் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், உன் கல்யாணத்தில் உன் மாமனாரிடமும் சொன்னேன். என் பிள்ளை எப்படிப்பட்டவன் பாருங்கள் என்று.

தம்பி, அன்றைக்குப் பேஜர் அடிக்கவே இல்லை.

முந்தின நாள் ராத்திரி நீங்கள் தூங்கினதும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. பெரியப்பா நிலத்துக்குப் பணம் அனுப்பிய விஷயம்தான். அவள் கேட்டது நியாயம். அவளிடம் சொல்லாமல் அனுப்பியது நான். மறுநாள் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், ஆபீஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குக் கூடப் போகவில்லை. டுபியூக்கில் ஒரு மோட்டலில் ரூம் போட்டேன். ராத்திரி ஜன்னலில் நின்று பார்த்தால் மேற்கே முழுக்க மின்னல். நீங்கள் இருந்த திசை. திரும்பிப் போக ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகியிருக்கும். சாவி கையில்தான் இருந்தது. இப்போது போனால் பொய் தெரிந்துவிடுமே என்று நின்றேன். அவளே முதலில் இறங்கி வரட்டும் என்றும் நினைத்தேன். கார் இல்லாமல், போன் இல்லாமல், காட்டுக்குள் இருக்கிறவள் எப்படி இறங்கி வருவாள்? அதைக்கூட அன்று யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வந்தேன். கேபின் போகிற வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ வாசல்படியில் உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருந்தாய். "ஆபீஸ் வேலை முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாய். முடிந்தது என்றேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இன்று வரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கும் தெரியுமோ என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை. "வந்ததுப்பா, நல்லா இருந்தது" என்று நீ போனில் சொன்னதை, பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோது, அந்த வாசல்படிதான் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. படுக்கை விரிப்புக் கணக்குக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்றும் பார்த்தேன். இருக்கட்டும்.

மருமகளுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அதில் பார்க் விவரமும் பாப்பாவுக்கு வாங்கி வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸ் அளவும்தான் இருக்கிறது, வேறொன்றும் எழுதவில்லை. பார்க்கில் இருக்கிற ரிச்மண்ட் ஸ்பிரிங்ஸ் ஊற்றுத் தண்ணீரில் காலை வைத்தால் குழந்தைக்கு விறைத்துவிடும், அதற்குத்தான் பூட்ஸ். நீ ட்ரௌட் பிடிப்பதானால் மீன்பிடி லைசென்ஸோடு ட்ரௌட் கட்டணமும் சேர்த்துக் கட்டிவிடு. உன் பழைய தூண்டில் கராஜில் இருந்தது, சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 20-க்குள் எத்தனை பேர் என்று எழுது. போன் பண்ணினாலும் சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா நடக்கப் போய்விடுவாள், நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். ரேடியோ வாங்க நேரமில்லை என்றால் சொல், நானே ரெண்டாக வாங்கிவிடுகிறேன். நாரத்தங்காயை அம்மா மறுபடி ஜாடியில் போட்டு வெயிலில் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை கையிலேயே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
அப்பா