போம் ஜேசு பேராலயத்தின் செந்நிறம் பழமையானதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கோவாவைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். போம் ஜேசு பேராலயத்தின் பொன்முலாம் பூசிய பீடத்தையும் புனித சவேரியாரின் கல்லறையையும் கட்டுரையாளர் நன்றாகவே வருணித்திருக்கிறார். ஆனால், பூச்சில்லாமல் நிற்கும் அதன் செந்நிறச் சுவர்களை நானூறு ஆண்டுப் பழமையின் அடையாளமாக அவர் எழுதியிருப்பது சரியன்று. அந்தத் தோற்றத்துக்கு எழுபது வயதைச் சற்றே தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கொச்சியின் தளபதியாக இருந்து 1593இல் இறந்த ஜெரோனிமோ மஸ்கரெஞ்ஞாஸ் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, இயேசு சபையார் 1594 நவம்பர் 24 அன்று இக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினர். 1605 மே 15 அன்று பேராயர் அலெய்ஷோ தெ மெனேசெஸ் இதை அர்ச்சித்தார். கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களை ரோமின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர உதயம்பேரூர் சங்கம் என்னும் திருச்சபைப் பேரவையைக் கூட்டியதால் கேரள கிறிஸ்தவ வரலாற்றில் இன்றும் சர்ச்சைக்குள்ளாகும் அதே மெனேசெஸ்தான். சுவர்கள் வெட்டுக்கல் என்றும் சொல்லப்படும் உள்ளூர்ச் செம்புறைக்கல்லால் எழுந்தன; அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தது. முகப்பின் அரைத்தூண்கள், சாளரச் சட்டங்கள், உச்சியில் இயேசு சபையின் முத்திரையைத் தாங்கும் பலகை ஆகியவற்றுக்கு மும்பைக்கு வடக்கேயுள்ள வசாயிலிருந்து கருங்கல் கொண்டுவரப்பட்டது. டோரிக், அயோனிக், கொரிந்தியம், கலப்பு முறை என ஐரோப்பியத் தூண்வகைகளெல்லாம் அந்த ஒரே முகப்பில் இடம்பெற்றிருக்கின்றன. வெண்ணிறச் சுண்ணாம்புப் பரப்பின்மேல் கரிய வேலைப்பாடுகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நயம் என்று நான் கருதுகிறேன். இன்று செம்புறைக்கல்லும் கருங்கல்லும் ஒன்றோடொன்று மங்கிக் கலந்துவிட, அந்த நயத்தில் பாதி போய்விட்டது. எதிரே வெள்ளையாக நிற்கும் சே பேராலயத்தைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

பூச்சு தானாக உதிரவில்லை. சவேரியார் இறந்த 400ஆம் ஆண்டு நினைவாக 1952இல் அவருடைய உடலை மக்கள் பார்வைக்கு வைத்த திருவுடல் காட்சிக்கு முன்னதாகப் பழைய கோவாவைச் சீரமைக்க வந்த போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் பால்தசார் தெ காஸ்த்ரோதான் அதை அகற்றினார். பிற்காலச் சேர்க்கைகளைக் களைந்து கல்லை வெளிக்காட்டினால் கட்டடம் தொன்மையாகத் தெரியும் என்பது அன்றைய போர்ச்சுகல் அரசின் சீரமைப்பு முறையாக இருந்தது. வட போர்ச்சுகலின் கிரானைட் அதைத் தாங்கிக்கொள்ளும். செம்புறைக்கல் தாங்காது. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டுக் கெட்டிப்படும் இக்கல்லின் உடம்பெங்கும் துளைகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அந்தத் துளைகள் வழியே நீர் இறங்கிக் களிமண்ணைக் கரைத்துக்கொண்டே போகும். மலபாரில் பூசாத வெட்டுக்கல் வீடுகள் நிலைத்திருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். அந்த வீடுகளின் கூரை நன்றாக முன்னே நீண்டு தாழ்ந்து, சாரல் சுவரில் படாமல் காக்கிறது. போம் ஜேசுவின் உயர்ந்த முகப்புக்கு அப்படிப்பட்ட இறவாரம் ஏதுமில்லை. சுண்ணாம்புப் பூச்சுதான் அதன் குடையாக இருந்தது.

சுவர்கள் சிதைவது குறித்துத் திருச்சபைத் தரப்பிலிருந்தும் கட்டடக் கலைஞர்களிடமிருந்தும் அண்மை ஆண்டுகளில் குரல் எழுந்துள்ளது. மீண்டும் பூச வேண்டும் என்போருக்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று: சிவந்த முகப்பு இப்போது மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது, 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் கட்டடம் இந்தத் தோற்றத்தில்தான் இருந்தது, அதையும் வரலாற்றின் ஓர் அடுக்காக மதிக்க வேண்டும் என்கிறார்கள். வடபுறத்தில் 1862இல் சேர்த்த தாங்குசுவர்களை அப்படி ஓர் அடுக்காக ஏற்பதில் எனக்குத் தடையில்லை. அவை கட்டடத்தைத் தாங்குகின்றன. கட்டடத்தைக் கரைய விடும் ஓர் அடுக்கை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? பூசுவதென்று முடிவானால் அது பழைய முறைச் சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கி, இப்போதுள்ளதைவிடக் கேடு விளையும்.

உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சவேரியாரின் கல்லறைக்குத்தான் செல்கிறார்கள். இத்தாலியின் தஸ்கனிப் பகுதியை ஆண்ட பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பி 1698இல் நிறுவப்பட்ட, சிற்பி ஃபொஜினியின் கைவண்ணமான அந்தப் பளிங்கு மேடையும், அதன்மேல் கோவாவின் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழையும் காணத்தக்கவையே. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து திரிந்து, தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து கற்பித்த சவேரியாரைத் தேடித் தென் தமிழகத்திலிருந்து இன்றும் திரளான மக்கள் அங்கே போகிறார்கள். அவர்களுள் தங்கள் வாசகர்களும் இருப்பார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கட்டுரையின் அடுத்த பகுதியிலேனும் இந்தத் திருத்தத்தைச் சேர்க்குமாறும், பூச்சுடன் கூடிய பேராலயத்தைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படம் ஒன்றைத் தேடி உடன் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்