கை எட்டாத வால்வு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் மொட்டை மாடி வரைக்கும் ஏறிவிட்டாய் என்று படித்ததும் இங்கே இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிட்டது. உன் தங்கச்சி அப்போதே போன் பண்ணச் சொன்னாள். நான்தான் எழுதுகிறேன் என்று நிறுத்தினேன், ஏனென்றால் உன்னிடம் சொல்ல வேண்டியது போனில் அடங்காது. படகு விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வட்டத்தில் உன்னை விட்டால் ஆள் இல்லை.

என் படகு வெஸ்டர்லி சென்டார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 26 அடிதான். 1969-லிருந்து 1980 வரை 2,400-க்கும் மேலே கட்டியிருக்கிறார்கள், இங்கே எந்தக் கழிக்குள் நுழைந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். அடியில் துடுப்பு மாதிரி இரண்டு கீல் (நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு) இருப்பதால் தண்ணீர் வற்றினால் சாயாமல் சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கிலாந்தின் தென்கரையில் எம்ஸ்வொர்த்தில், சிசெஸ்டர் ஹார்பருக்குள்ளே, அப்படிச் சேற்றில்தான் கட்டிப் போட்டிருக்கிறேன். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது, இங்கே அமாவாசை பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டர் ஏறி இறங்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊரே மாறிப்போன மாதிரி இருக்கும்.

போன செப்டம்பரில் நானும் உன் தங்கச்சியும் வைட் தீவில் பெம்பிரிட்ஜில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹார்பர் வாயை நெருங்கும்போது காற்று விழுந்துவிட்டது, எஞ்சினைப் போட்டேன். பத்து நிமிஷம் போயிருக்கும், எக்ஸாஸ்ட் சத்தம் மாறியது. உனக்குத் தெரியும், கூலிங் தண்ணீர் கலந்து வெளியே போகும்போது அது கொப்புளித்துத் துப்புகிற சத்தம், தண்ணீர் இல்லையென்றால் வறட்டுத் தொண்டையால் இருமுகிற மாதிரி இருக்கும். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபினுக்கு இறங்கும் படியைத் தூக்கினால் எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் பளபளக்கிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. கடல் தண்ணீரை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் கழன்று கிடந்தது. க்ளிப் துருப்பிடித்து அறுந்திருக்கிறது.

சரி, வால்வை மூடினால் முடிந்தது என்றுதானே நீ நினைப்பாய். கடல் தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டையில் இருக்கும் வால்வு, நாம் சீ சக்ஷன் என்று சொன்னதை இந்தச் சின்னப் படகுக்காரர்கள் சீகாக் என்கிறார்கள். என் சீகாக் எஞ்சினுக்கு இடது பக்கம், பின்னாலே தள்ளி, அடித்தட்டில் இருக்கிறது. படகைக் கட்டியபோது அங்கே தாராளமாகக் கை போயிருக்கும். பிற்பாடு யாரோ ஒரு முந்தைய உரிமையாளர் வேறு எஞ்சின் வைத்து, எக்ஸாஸ்ட் தண்ணீர் எஞ்சினுக்குத் திரும்பாமல் தேக்குகிற வாட்டர்லாக் பெட்டியை அந்த இடத்திலேயே உட்காரவைத்து, அதற்கு மேலே வெந்நீர் டாங்க்கையும் ஏற்றிவிட்டார். ஆக, பின்பக்கப் படுக்கையில் தலைகுப்புறப் படுத்து, தலையணை அகலத்துக்கு இருக்கிற ஒரு ஓட்டை வழியாக வலது கையைத் தோள்வரைக்கும் நுழைத்து, சூடான எக்ஸாஸ்ட் ஹோஸுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோனால் நடுவிரல் நுனி மட்டும் லீவரைத் தொடும். தொட்டேன். தள்ளினேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. கன்னத்தில் எஞ்சின் சூடு அடிக்கிறது, காதுக்குக் கீழே தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறது, மேலே அவள் "என்னங்க ஆச்சு"ன்னு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. கையை உருவிக்கொண்டு எழுந்து, கழன்று கிடந்த ஹோஸ் முனையைப் பிடித்துத் தூக்கினேன். கடல் மட்டத்துக்கு மேலே வந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. அவ்வளவுதான். பாய் கட்டும் நாடாவால் அதைப் படிக்கட்டுக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டி, முனையில் ஒரு மரக்கட்டையையும் அடித்துவைத்தேன். ஏற்றம் உள்ளே போகிற நேரம், முன்பாயை மட்டும் விரித்துக்கொண்டு அந்தத் தண்ணீரோடு மெல்ல நுழைந்து ஈஸ்ட் ஹெட் மணல்திட்டுப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். நங்கூரம் பிடித்த பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. ஹோஸ் கழன்றது ஸ்ட்ரெய்னர் பக்கத்தில் என்பதால் தப்பித்தோம். அதே க்ளிப் வால்வுப் பக்கத்தில் அறுந்திருந்தால் தூக்கிக் கட்ட ஹோஸே இருந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குல ஓட்டை, கடல் மட்டத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழே. விநாடிக்கு ஏறத்தாழ அரை லிட்டர், நிமிஷத்துக்கு 30 லிட்டர். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் நான் படுத்துக்கொண்டு கையை நுழைத்து உருவிய கால் மணி நேரத்தில் 450 லிட்டர். இதைப் படகின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கையால் அடித்து வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பில் இறைத்துப் பார், தோள் என்ன ஆகிறது என்று தெரியும்.

இதில் என்னை உறுத்துவது அந்த வால்வு இறுகியிருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதுதான். இரண்டு வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் படகை இறக்கும்போது "இந்தத் தடவை அதைப் பார்த்துவிட வேண்டும்" என்று நினைப்பேன், அந்த ஓட்டையை ஒரு தரம் பார்ப்பேன், வேறு வேலைக்குப் போய்விடுவேன். வால்வு பழசானதால் இறுகவில்லை மாப்ள, கை போகாததால் இறுகியது. போக முடியாத இடத்துக்கு யாரும் போகவில்லை, யாரும் திருப்பவில்லை, கிரீஸ் காணவில்லை, க்ளிப் துருப்பிடித்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கப்பலில் நாம் ஜூனியராக இருந்தபோது நம்ம செகண்ட் எஞ்சினியர் சனிக்கிழமைதோறும் டார்ச்சோடு கீழே இறக்கி, எமர்ஜென்சி பில்ஜ் சக்ஷன் உட்பட ஒவ்வொரு வால்வையும் முழுக்க மூடித் திறந்து காட்டச் சொல்வாரே, நாம் முணுமுணுத்துக்கொண்டே செய்வோமே. அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது ஏன் தெரியுமா? ஒவ்வொரு வால்வுக்கும் நாம் நிற்கிற தரைப் பிளேட்டுக்கு மேலே சக்கரம் இருந்தது, ஸ்பிண்டிலை நீட்டி மேலே கொண்டுவந்திருந்தார்கள். ஆள் இல்லாத எஞ்சின் ரூமுக்கு சோலாஸ், கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம், சொல்வதும் அதைத்தானே: கடல் தண்ணீர் உள்ளே வந்தாலும் மூடுவதற்கு நேரம் கிடைக்கிற இடத்தில் வால்வின் கைப்பிடி இருக்க வேண்டும், தேவைப்பட்டால் தண்ணீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு லட்சம் டன் கப்பலுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் நாம். என் 26 அடிப் படகில் அதை நான் யோசிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வற்றத்தின்போது படகு சேற்றில் உட்கார்ந்ததும் உள்ளே போனேன். அடியில் தண்ணீர் இல்லாதபோது தைரியமாகத் தொடலாம். போனை ஒரு குச்சியில் கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். இடமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, லீவர் மட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. நவம்பரில் கிரேன் வைத்துக் கரையேற்றிய பிறகு வேலையை ஆரம்பித்தேன். முதல் வேலை வால்வு இல்லை, வழி.

இங்கே பலரும் பண்ணுகிற தப்பு, கை நுழைகிற அளவுக்கு வட்ட மூடி ஒன்றை வாங்கிப் பொருத்துவது. கை நுழைந்தால் போதாது, முழங்கை மடங்க இடம் வேண்டும், அதுவும் இரண்டு கைக்கும். ஒரு கை ஸ்பேனரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றக் கை நட்டைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அடித்தட்டில் இருக்கும் இணைப்பே சேர்ந்து திரும்பிவிடும். அதனால் படுக்கையின் பக்கப் பலகையில் அட்டையை ஒட்டி, தடித்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நான் உண்மையில் எப்படிப் படுப்பேனோ அப்படிப் படுத்துப் பார்த்து வரைந்தேன். 38-க்கு 28 சென்டிமீட்டர் வந்தது, நான் நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகைக்குப் பின்னால் ஒயர் ஓடுகிறதா, பலகை படகின் பலத்தைத் தாங்குகிற தடுப்பா என்று பார்த்துவிட்டு, நான்கு மூலையிலும் துளை போட்டு ஜிக்சாவை ஓட்டினேன். வெட்டிய துண்டையே மூடியாக்கி, சுற்றிலும் தேக்குச் சட்டம் அடித்து, திருப்பினால் திறக்கிற மரத்தாழ் இரண்டு வைத்தேன். ஸ்க்ரூ எதுவும் கிடையாது. தண்ணீர் ஏறும்போது யார் ஸ்க்ரூடிரைவர் தேடுவது? வாட்டர்லாக்கையும் ஒரு சாண் தள்ளிவைத்தேன். இரண்டு நாள் வேலை. இரண்டு நாள் வேலைக்கு இரண்டு வருஷம் பயந்திருக்கிறேன்.

வழி கிடைத்ததும் வால்வைப் பார்த்தேன். லீவரை விட்டுவிட்டு, ஹோஸ் மாட்டுகிற வாலைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன், பிஸ்கட் மாதிரி முறிந்து கையில் வந்துவிட்டது. முறிந்த இடம் பித்தளை மஞ்சள் இல்லை, பன்றிக்குட்டித் தோல் மாதிரி வெளிர் ரோஜா. துத்தநாகம் முழுக்கக் கரைந்துபோய் செம்பு மட்டும் பஞ்சாக நிற்கிறது. சாதாரணப் பித்தளையில் நூற்றுக்கு நாற்பது பங்கு துத்தநாகம், உப்புத் தண்ணீர் அதைத்தான் முதலில் தின்னும். சின்னப் படகுகளின் இந்த மாதிரி இணைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 9093 தரத்தின் பழைய வாசகத்தில் அவை 5 வருஷம் கெடாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது, படகோ ஐம்பது வருஷம் ஓடுகிறது. பிரைட்டனுக்கு வெளியே ராண்டம் ஹார்வெஸ்ட் என்ற மீன்பிடிப் படகில் இப்படித்தான் பித்தளை இணைப்பு முறிந்து தண்ணீர் புகுந்தது, கடல் விபத்து விசாரணைப் பிரிவு அதைப் பற்றித் தனி அறிக்கையே போட்டது. அதை நான் படித்திருந்தேன். படித்துவிட்டு என் வால்வைத் தட்டிப் பார்க்காமல் இருந்தேன்.

புதிதாக எதைப் போடுவது என்று ஒரு வாரம் குழம்பினேன். பழைய ஆங்கிலப் படகுகளில் இருக்கிற பிளேக்ஸ் வகை, வெண்கலக் கூம்பு உள்ளே சுழல்கிறது, கிரீஸ் போட்டு வைத்தால் ஒரு ஆயுசுக்கு வரும், ஆனால் வருஷம் ஒரு தடவை பிரித்தாக வேண்டும். துத்தநாகம் எளிதில் கரையாத டி.இசட்.ஆர் பித்தளை பால் வால்வு பரவாயில்லை. நான் கடைசியில் நியூசிலாந்தின் ட்ரூடிசைன், கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வையே போட்டேன், அரிக்க உலோகமே இல்லை என்பதால். நம் காலத்து ஆளுக்குக் கடலடியில் பிளாஸ்டிக் வைக்க மனசு வராது, எனக்கும் வரவில்லை, கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் சம்மதித்தேன். ஹோஸ் கம்பி சுற்றியது, இல்லையென்றால் பம்ப் இழுக்கும்போது அமுங்கிவிடும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு க்ளிப். பக்கத்திலேயே, ஓட்டையை அடைக்க ஒரு மரக்கட்டை கயிற்றில் தொங்குகிறது.

அதோடு நீட்டுக் கைப்பிடி ஒன்றும் செய்தேன், இதில் உன் அபிப்பிராயம் வேண்டும். 12 மில்லி ஸ்டெயின்லெஸ் கம்பி, கீழ் நுனியில் லீவரைக் கவ்வுகிற கவை, மேல் நுனியில் குறுக்குக் கைப்பிடி, எஞ்சின் படிக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. தள்ளினால் மூடும், இழுத்தால் திறக்கும். எனக்கு ஒரே பயம், நீளமான கைப்பிடி இருந்தால் பலம் அதிகமாகிவிடும், வால்வு இறுகியிருக்கும்போது யாராவது முரட்டுத்தனமாகத் தள்ளினால் ஸ்பிண்டில் முறியும். கம்பியின் நடுவே, அளவு மீறினால் முதலில் அறுகிற மாதிரி ஒரு மெல்லிய பின் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். கடைசல்காரர் மூளை உனக்குத்தான், வரைந்து அனுப்பு.

பக்கத்தில் படகு கட்டியிருப்பவர் படகில் செயில்டிரைவ், அதாவது எஞ்சினிலிருந்து அடித்தட்டு வழியாகக் கீழே இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிற கால், தண்ணீர் அந்தக் காலின் வழியாகவே வருகிறது, குழாய்த் திருகு எஞ்சினுக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. அவர் அதை வருஷம் முழுக்கத் திறந்தே விட்டிருக்கிறார். என் ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போன வாரம் அவரும் ஜிக்சா கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஏப்ரலில் படகை இறக்கியதும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சோதித்தேன். உன் தங்கச்சி கடிகாரம் பிடித்தாள். வெளியே உட்கார்ந்த இடத்திலிருந்து வால்வு மூடுகிற வரைக்கும் 6 விநாடி. அப்புறம் அவளே செய்து பார்த்தாள், 9. நான் தண்ணீரில் விழுந்து கிடந்தாலும் அவளால் மூட முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது இறங்கும்போது மூடிவிட்டு எஞ்சின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறோம், திறக்காமல் ஸ்டார்ட் பண்ண முடியாது. வாரம் ஒரு தடவையாவது வால்வு திரும்புகிறது.

பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. பேத்தி சடங்குக்கு நாள் குறித்ததும் சொல், அதற்கேற்ற மாதிரி திரும்புகிற தேதியை மாற்றிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை: தருவைக்குளத்தில் உன் மச்சான் விசைப்படகு நிற்கிறதே, முட்டி ஒத்துழைத்தால் ஒரு நாள் போய், எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் எடுக்கிற இடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பு. வால்வும் தெரியட்டும், அதுவரைக்கும் கை போகிற வழியும் தெரியட்டும். நீ குனிய வேண்டாம், பையன் யாரையாவது இறங்கச் சொல்.

உன்
பழைய கேபின் கூட்டாளி