கத்தரிக்கோலோடு வரும் கடிதம்

மதுரை
செவ்வாய்க்கிழமை

பாப்பாவுக்கு அம்மா எழுதுறது.

போன்ல கூப்பிட்டா ஸ்பீக்கர்ல போட்டுட்டு வேற வேலை பார்க்குற. பக்கத்துல யார் இருக்காங்கன்னு தெரியாம நான் என்னத்தைப் பேச? அதான் பார்சலுக்குள்ள இதை வெச்சு அனுப்புறேன்.

என்ன மிஷின் வாங்கலாம்னு கேட்டியே. ஆன்லைன்ல மட்டும் வாங்காதே. ஸ்டேப்ளர் மாதிரி கையில பிடிச்சுத் தைக்கிறது ஒண்ணு வருது, அதுல ஒத்தை நூல்தான் ஓடும். நுனியை இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடும். 2,000 ரூபாய்க்குள்ள வர்ற குட்டி மிஷினும் வேண்டாம், நாலு மடிப்பு துணி வெச்சா திணறும். நம்ம கால் மிஷினை நேர் தையலுக்கு அடிச்சுக்க ஆளில்லதான். ஆனா அந்த இரும்பை உங்க நாலாவது மாடிக்கு யார் தூக்குறது?

உஷாவோ சிங்கரோ, மோட்டார் வெச்ச ஜிக்ஜாக் மிஷினா பாரு. நேர் தையல், ஜிக்ஜாக், பட்டன் ஓட்டைக்குக் காஜா, இது மூணும் போதும். 10,000 ரூபாயை ஒட்டி வரும். டிசைன் அது இதுன்னு சொல்லி கடைக்காரர் இன்னும் மேலே இழுப்பார். முப்பது வருஷமா நான் தைச்சது ஒரே ஒரு நேர் தையல், அதுலதான் நீ எம்.சி.ஏ. முடிச்ச. ஒரு துண்டு பாப்ளினும் பழைய ஜீன்ஸ் துண்டும் கொண்டுபோய், கடையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து வாங்கு. ரிப்பேருக்கு ஆள் வீட்டுக்கு வருவாரான்னு கேட்டுக்கோ. ஆன்லைன் வேண்டாம்.

எதுக்கு வாங்குறேன்னு நான் கேட்கல. ஆசைப்பட்டு எத்தனையோ பேர் வாங்குறாங்க. ஆனா நம்ம தெருவுல ஒரு பொம்பளை மிஷின் வாங்குனா அந்த வீட்டுல என்னமோ நடந்திருக்குன்னுதானே அர்த்தம். அப்பாவோட மில்லு மூடின வருஷம் நான் வாங்கினேன். மாடி வீட்டு அக்கா எப்ப வாங்குனான்னு உனக்கே தெரியும். அரசாங்கம் இலவச மிஷின் கொடுக்குறதுகூட பெரும்பாலும் விதவைக்கும் புருஷன் கைவிட்டவளுக்கும் வசதி இல்லாதவளுக்கும்தான். அதனால கேட்டேன். கேட்கல, சும்மா சொன்னேன். நீ மூணு வாரமா காலையில பதினோரு மணிக்குக் கூப்பிடுற. முன்னெல்லாம் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் ஆபீஸ் விட்டு வருவ. மாப்பிள்ளை எப்படியிருக்கார்னு கேட்டா "நல்லாயிருக்கார்"னு ஒரு வார்த்தை. நல்லாயிருந்தா சரி.

பார்சலைப் பிரிச்சதும் சாமானைச் சரிபார்த்துக்கோ. புதுமண்டபத்துத் தையல் சாமான் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிடுச்சு, அங்க போய்தான் வாங்கினேன். மிஷின் ஊசி மூணு பாக்கெட். 11-ம் நம்பர் பட்டுக்கும் ஷிபானுக்கும், 14 பருத்திக்கு, 16 ஜீன்ஸுக்கு. வீட்டு மிஷின் ஊசிக்குத் தலையில ஒரு பக்கம் தட்டையா இருக்கும், நீ வாங்கப்போற மாதிரி மிஷின்ல பெரும்பாலும் அது பின்பக்கம் பார்க்கணும். துணியில பொத்துப் பொத்துன்னு சத்தம் கேட்டா ஊசி மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், யோசிக்காம மாத்து. அடிநூல் சுத்துற பாபின் பத்து வெச்சிருக்கேன், கடையில மிஷினோட வர்ற பாபினோட ஒண்ணா வெச்சுப் பார்த்துட்டு, அளவு ஒத்துப்போனா மட்டும் போடு. தையல் பிரிக்கிற ஊசி, குண்டூசி டப்பா, சாக்பீஸ், இஞ்ச் டேப். கத்தரிக்கோல் என்னோடது, போன வாரம்தான் சாணை பிடிச்சேன். அதால பேப்பர் வெட்டாதே, மாப்பிள்ளையையும் பால் கவர் வெட்ட விடாதே.

மேல் நூல் கோர்க்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கி வெச்சுக்கோ. இறக்கி வெச்சுக் கோர்த்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள நூல் போய் உட்காராது, துணிக்கு அடியில கொத்துக் கொத்தா சிக்கும். புதுசா பழகுறவங்க எல்லாரும் அடியில சிக்குதுன்னு பாபினைப் போட்டு நோண்டுவாங்க. கோளாறு மேலதான் இருக்கும்.

எடுத்ததும் ரவிக்கைக்குப் போகாதே. நூல் கோர்க்காம கோடு போட்ட நோட்டுத் தாள்ல ஓட்டு, அப்புறம் பழைய வேட்டி, அப்புறம் தலையணை உறை, உள்பாவாடை. தாள்ல ஓட்டின ஊசியைத் துணிக்கு வைக்காதே. பருத்தித் துணியை நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டணும். விரலைக் காலுக்குக் கிட்ட கொண்டுபோகாதே.

விரல்னதும் எழுதாம இருக்க முடியல. ஆறாவது படிக்கும்போது நான் அடுப்படிக்குப் போன நேரத்துல மிஷின்ல உட்கார்ந்து சுட்டுவிரல்ல ஊசி ஏத்திக்கிட்டியே. நீ மறந்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். போன தீபாவளிக்கு வந்தப்போ மாப்பிள்ளைகிட்ட அந்தத் தழும்பைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே சொன்ன, "அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிட்டுப் போனாங்க"ன்னு.

அப்படியில்ல பாப்பா. அப்ப மிஷின்ல இருந்தது மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய கூரைப் பட்டு ரவிக்கை. நான் ஓடிவந்து முதல்ல உருவினது துணியை. ரத்தம் பட்டிருக்கான்னு வெளிச்சத்துல விரிச்சுப் பார்த்தேன். அதுக்கப்புறம்தான் உன் கையைப் பார்த்தேன். நீ அழக்கூட இல்ல, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்ன. அன்னிக்கு "இனி மிஷின் பக்கம் வந்தா காலை ஒடிப்பேன், போய்ப் படி"ன்னு கத்தினேன். உன் படிப்புக்காகத்தான் சொன்னேன்னு ஊரெல்லாம் பெருமை பேசினேன். படிப்புக்காகவா? நீ அந்த மிஷின் கிட்ட நின்னாலே எனக்கு அந்த முழிதான் ஞாபகம் வரும், அதான். இல்லேன்னா இந்நேரம் நீ என்கிட்ட மிஷின் எதுன்னு கேட்டிருக்க வேண்டியதில்ல.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. சித்தி மகனுக்குப் பெண் பார்த்திருக்காங்க, விவரம் அப்புறம்.

உன் ரவிக்கை அளவு நோட்டுல இருக்கு. ஆடியில எடுத்தப்போ மார்பு 34, பொங்கலுக்கு வந்தப்போ 32. அப்ப நான் ஒண்ணும் சொல்லல. டேப் வந்ததும் முதல்ல உன்னை அளந்து எனக்கு எழுதி அனுப்பு. டேப்பைத் தொளதொளன்னு விட்டுக் கூட்டி எழுதாதே, எனக்குத் தெரியும்.

அம்மா