பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டிலேயே பிரெட் சுடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈஸ்ட் என்றாலே தயங்குகிறவர்களுக்குத் தைரியம் கொடுக்கும் எழுத்து. ஆனால் போகிற போக்கில் அதில் சொல்லியிருந்த சில விஷயங்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நானும் வீட்டில் வாரம் தவறாமல் பிரெட் சுடுகிறவள்தான்.

முதலில், மீந்த பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னது. பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும், வாஸ்தவம்தான். ஆனால் பிரெட் விறைத்துப்போவது அங்கேதான் வேகமாக நடக்கும். ஈரம் காய்ந்துபோவதால்தான் பிரெட் பழசாகிறது என்று பலரும் நினைக்கிறோம். அது முழு உண்மையல்ல என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பூசேங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். ஈரம் துளியும் வெளியேறாதபடி மூடிவைத்த பிரெட்டும் விறைத்தது. திரும்பச் சூடாக்கியதும் இளகியது. ஓவன் சூட்டில் வெந்து குழைந்த ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி இறுகிப் படிகமாகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது ஃபிரிட்ஜின் குளிரில், இந்த வேலை ஜரூராக நடக்கிறது. ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்றால் பிரெட் வெளியிலேயே இருக்கட்டும். தீராது என்றால் நன்றாக ஆறியதும் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஒவ்வொரு துண்டாக எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம்.

பிரெட் விஷயத்தில் ஃபிரிட்ஜுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அதன் வேலை சுடுவதற்கு முன்னால். ஈஸ்ட்டைக் குறைத்துப் போட்டுப் பிசைந்த மாவை ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் மெதுவாகப் பொங்கும். அவசரமாகப் பொங்கவைத்த மாவில் வராத ருசியும் மணமும் அதில் வரும். கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

அடுத்தது, கடை பிரெட்டை அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் புதியது என்று வாங்கச் சொன்னது. கடை பிரெட்டில் சேர்க்கிற பொருள்கள் உண்டு: மெத்தென்று இருக்கவைக்க மோனோகிளிசரைடு இருக்கிறது, அமைலேஸ் என்சைம் இருக்கிறது; பூஞ்சைக்கு கால்சியம் புரோபியோனேட் இருக்கிறது. இவையெல்லாம் விஷம் என்று பயமுறுத்த வரவில்லை. சுட்டு நாலு நாளான பிரெட்டும் விரலுக்கு மெத்தென்றுதான் இருக்கும் என்கிறேன், அவ்வளவுதான். வாசனையையும் முழுதாக நம்ப முடியாது. எங்கோ தொழிற்சாலையில் பிசைந்து, அரைகுறையாகச் சுட்டு, உறையவைத்து அனுப்பியதைக் கடை ஓவனில் கடைசியாகச் சிவக்கவைத்தாலும் தெருவே மணக்கும். பிரான்ஸில் இதற்காகவே 1998-ல் சட்டம் போட்டார்கள். பிசைவதிலிருந்து சுடுவது வரை தாங்களே செய்து, எந்தக் கட்டத்திலும் உறையவைக்காமல் விற்றால்தான் கடை வாசலில் ‘பூலான்ஜெரி’ (பிரெட் கடை) என்று பலகை மாட்டலாம்.

அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் வாயைத் திறந்து கேட்பதுதான் வழி. “இது எத்தனை மணிக்கு ஓவனிலிருந்து இறங்கியது? மாவு இங்கேயே பிசைந்ததா?” தானே சுடுகிறவர் யோசிக்காமல் பதில் சொல்வார். நேரம் கிடைத்தால் மாவைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்! துண்டு போடாத முழு பிரெட்டாகக் கேளுங்கள். அடிப்பக்கத்தை விரலால் தட்டினால், நன்றாக வெந்தது வெற்றுப் பெட்டியைத் தட்டியது போல ஒலிக்கும். மொறுமொறுப்பான வகை என்றால், புதிதாக இறங்கியதன் மேலோடு ஆறும்போது படபடவென்று மெல்ல வெடிக்கும். காதருகே வைத்தால் கேட்கும். ஆனாலும் சுடச்சுட அறுக்காதீர்கள். உள்ளே இன்னும் இறுகியிருக்காது, கத்தியில் பசைபோல ஒட்டும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

வீட்டில் சுடப் பழகிவிட்டால் பேக்கரிப் பக்கமே போக வேண்டாம் என்று கட்டுரை முடிந்திருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டின்னில் வைத்துச் சுடும் மென்மையான பிரெட் வீட்டிலேயே அருமையாக வரும். கெட்டியான மேலோடு வேண்டுமென்றால் கடும் சூடும், முதல் கொஞ்ச நேரம் ஓவன் நிறைய நீராவியும் வேண்டும். வீட்டு ஓவனில் ஆவி நிற்காது. மூடிபோட்ட கனமான இரும்புப் பாத்திரத்துக்குள் வைத்துச் சுட்டு ஓரளவு சமாளிக்கலாம். இருந்தும் அந்த வகையை நல்ல பேக்கரியில் வாங்குவதே எனக்குப் பிடிக்கிறது.

கடைசியாக, அளவுகள். நாலு கப் மைதா என்று போட்டிருந்தீர்கள். ஒரே கப்பில் ஸ்பூனால் லேசாகப் போட்டால் 120 கிராம். அழுத்தி அள்ளினால் 150 கிராம். நாலு கப்பில் 120 கிராம் வித்தியாசம் வந்துவிடும், தண்ணீரோ அதே அளவு. மாவு கல்லாக இறுகினால் புதிதாகச் செய்கிறவர் தன்னைத்தானே நொந்துகொள்வார். 500 கிராம் மைதா, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று எடை போட்டுச் செய்தால் இந்தக் குழப்பமே இல்லை. முழுக் கோதுமை மாவு என்றால் தண்ணீர் இன்னும் கேட்கும். பிசைந்தது போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு மாவை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்தால் போதும்.

ஈஸ்ட் எந்த வகை என்பதும் செய்முறையில் இல்லை. இன்ஸ்டன்ட்டை மாவிலேயே நேராகக் கலந்துவிடலாம். டிரை ஆக்டிவ் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நுரைத்த பிறகு சேர்க்க வேண்டும். அடுத்த இதழில் இதையும் கிராம் அளவுகளையும் ஒரு சிறு குறிப்பாகவாவது வெளியிட்டால், அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி